நிலமடல் காகிதத்தைக் கைவிட்டதும் கோட்டை ரோட்டில் பேனர் எழுந்ததும்

மதிப்பிற்குரிய 'நிலமடல்' மாத இதழின் ஆசிரியர் ஐயா அவர்களுக்கு, எலவனாசூர்கோட்டைப் பக்கத்திலிருந்து ஆயுள் சந்தாதாரர் தெய்வசிகாமணி வணக்கம் சொல்லி எழுதிக்கொள்வது.

இங்கு நானும், என் துணைவியார் ராணியம்மாளும், கறவை மாடுகளும், போன மாதம் ஈன்ற கன்றும் நல்லபடியாக இருக்கிறோம். தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் கம்ப்யூட்டரும் அவ்விதமே இருக்கக் கோட்டை ஈஸ்வரனை வேண்டிக்கொள்கிறேன். மரங்களின் நலத்தை நான் விசாரிக்கவில்லை. அவை தங்கள் தயவில் அமோகமாக இருக்கும் என்பது தெரிந்ததே.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்தில் இருப்பது என் கையெழுத்து அல்ல. என் மூக்குக் கண்ணாடி சில வாரமாகக் காணவில்லை. எலி இழுத்துப் போயிருக்கும் என்கிறார் என் துணைவியார். எலிக்குக் கிட்டப் பார்வை எப்போது மங்கியது என்று நான் கேட்கவில்லை. ஆகவே நான் சொல்லச் சொல்ல அவரே எழுதுகிறார். அவர் யார் என்று தங்களுக்குத் தெரியும். தாங்கள் முதல் பரிசு கொடுத்து, பிறகு காற்றில் பறக்கவிட்டீர்களே, அதே ராணியம்மாள்தான்.

ஐயா, நான் தங்கள் இதழுக்கு ஆயுள் சந்தா கட்டியவன். யாருடைய ஆயுள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். என் ஆயுள் என்று நினைத்துக் கட்டினேன். காகிதத்தின் ஆயுள் என்று இப்போதுதான் புரிகிறது. இத்தனை வருடத்தில் ஒரு இதழைக்கூட நான் எடைக்குப் போட்டதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் பேப்பர் படித்த மறுநாளே அதில் கருவாடு மடிக்கிறவர்கள். நான் அப்படி இல்லை. அத்தனையும் பரண் மேல், வந்த உறையோடு, புத்தம் புதிதாக அடுக்கியிருக்கிறேன். வருடத்துக்கு ஒருமுறை சரஸ்வதி பூஜையன்று இறக்கி, துடைத்து, மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி மறுபடியும் ஏற்றுகிறேன். தங்கள் வாசகர்களில் எத்தனை பேர் நிலமடலுக்குக் கற்பூரம் காட்டுகிறார்கள் என்று ஒரு கணக்கெடுத்துப் பாருங்கள்.

இப்படிப்பட்ட வீட்டில்தான் தங்கள் கட்டுரைப் போட்டி வந்து நுழைந்தது. 'படித்து முடித்த இதழ்களை என்ன செய்கிறீர்கள்?' என்பது தலைப்பு. எனக்குத் தெரியாமலே ராணியம்மாள் எழுதி அனுப்பியிருக்கிறாள். முதல் பரிசு, அடுத்த இதழில் புகைப்படத்தோடு வெளிவரும் என்று தங்கள் தபால் அட்டை வந்த அன்றுதான் எனக்கே தெரியும். "இன்னாடி இது?" என்றேன். "சும்மா எழுதிப் போட்டேங்க. வராதுன்னு நெனச்சேன்" என்றாள். முகம் வெளுத்துப் போயிருந்தது. சந்தோஷத்தில் சிலருக்கு அப்படி ஆகும். கட்டுரையின் பெயர் 'எங்கள் வீட்டுப் பரண்'. பெயரைக் கேட்ட உடனேயே உள்ளே என்ன எழுதியிருப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பரணை அப்படி வைத்திருப்பவன் நானல்லவா? எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது ஐயா. மாடு, அடுப்பு, களத்துமேடு என்று கிடந்த பெண்ணின் பெயர் அச்சில் வரப்போகிறது. இதழ் வந்ததும் முதல் பிரதியை வெள்ளிமலையில் இருக்கும் அவள் அக்கா சின்னப்பொண்ணுவின் கையில் கொடுத்துவிட்டு, அந்த அம்மாள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ராணியம்மாளுக்கு எழுத வரும் என்று யாராவது சொன்னால் "கோலம் போட வருமா கேளு" என்று சிரிக்கிற மகராசி அவர்.

அந்த மாதம் பார்த்துத்தான் தங்களுக்கு ஞானம் பிறந்தது.

செல்பேசிக்கு ஒரு சேதி அனுப்பினீர்கள். 'இனி நம்மால் ஒரு மரமும் சாகாது. இம்மாதம் முதல் நிலமடல் காகிதத்தில் வராது. கீழே உள்ள நீலக் கோட்டைத் தொடவும்.' என் பட்டன் போனில் நீலமும் இல்லை, தொடுவதற்குக் கோடும் இல்லை. செய்தியைக் கேட்டதும் ராணியம்மாள் கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்தாள். நேரே பிள்ளையார் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். தங்களுக்கு நல்ல புத்தி வரட்டும் என்று வேண்டியிருப்பாள். பழைய இதழ்களை என்ன செய்வது என்று எழுதியவளின் கட்டுரையை, இனிமேல் பழைய இதழே இருக்காத இதழில் போட்ட தங்கள் சாமர்த்தியத்தை நான் இன்றுவரை வியந்துகொண்டிருக்கிறேன்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. தங்கள் இதழின் அட்டையிலேயே சில வருடத்துக்கு முன்னால் 'சவுக்கு நடுங்கள், காகித ஆலை தேடி வந்து வாங்கும்' என்று கொட்டை எழுத்தில் போட்டீர்கள். அதை நம்பி ஏரிக்கு மேற்கே சவுக்கு போட்டேன். என் சவுக்கு காட்டில் தானாக முளைத்து, மான் வந்து முதுகு சொறிந்த மரமில்லை ஐயா. வெட்டுவதற்கென்றே நட்டது, வெட்டினால் மறுபடி நடுவேன். நெல்லை அறுக்கிற மாதிரிதான். இட்லி தின்றால் நெற்பயிர் செத்துப்போகிறது என்று நாளைக்கு இட்லியையும் செல்பேசியில் அனுப்புவீர்களா? சரி, சவுக்கு பாவம், கரும்பு போடலாம் என்றால், ஆலையில் பிழிந்த சக்கையும் காகிதம் செய்யத்தான் போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் நான் கொலைகாரன். உளுந்தூர்பேட்டை டோல்கேட்டில் வரிசை கட்டிக்கொண்டு புகை கக்குகிற லாரிகளெல்லாம் புண்ணியாத்மாக்கள்.

சரி, ஆசிரியர் சொன்னால் காரணம் இருக்கும் என்று சென்னையில் வேலை பார்க்கும் மகன் பிரவீன்குமாரிடம் தொடுகிற போன் ஒன்று அனுப்பச் சொன்னேன். அனுப்பினான். அதன் வருகையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அட்டைப்பெட்டிக்குள் அட்டைப்பெட்டி, அதற்குள் தெர்மாகோல், அதற்குள் கொப்புளம் கொப்புளமாக ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் போன். கூடவே, போனை எப்படிப் பயன்படுத்துவது என்று பல பாஷைகளில் அச்சடித்த ஒரு புத்தகம். காகிதத்தில்! போன் செய்கிறவனுக்கே போன் மேல் நம்பிக்கை இல்லை. இது விஷயமாக நீங்கள் அவர்களோடு பேச வேண்டும்.

போனில் உங்கள் இதழ் வந்தது. எழுத்துகள் கடுகு மாதிரி இருந்தன. கண்ணாடி காணாமல் போனதும் சரியாக அந்த வாரம்தான். இரண்டு விரலால் விரித்தால் பெரிதாகும் என்று பிரவீன் சொல்லியிருந்தான். விரித்தேன். ராணியம்மாளின் மூக்கு மட்டும் திரை முழுக்க வந்து நின்றது. நகர்த்தினேன், சொட்டுநீர்க் குழாய் விளம்பரத்துக்குப் போய்விட்டது. அதிலிருந்து வெளியே வருவதற்குள் அந்தக் குழாய்க் கம்பெனியிலிருந்தே ஒரு பெண் போன் செய்து, எத்தனை ஏக்கர் என்று கேட்டாள். கடைசியில் மகனைக் கூப்பிட்டு, "தம்பி, அம்மா எழுதினத நீயாவது படிச்சுக் காட்டுடா" என்றேன். அந்தப் பக்கம் அவன் தனக்குள் முணுமுணுத்துப் படிக்கிற சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "அப்பா, இங்க டவர் சரியில்லப்பா" என்றான். சென்னையில் டவர் இல்லை. கோட்டைப் பக்கத்துக் கொல்லையில் இருக்கிறது. விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது.

இனி அச்சடித்துப் பார்த்தால்தான் ஆயிற்று என்று கள்ளக்குறிச்சிக்கு பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டு எதிரில் ஜெராக்ஸ் கடை. "நிலமடல் வேணும்மா" என்று போனை நீட்டினேன். அந்தப் பெண் எதையோ அழுத்தினாள். மெஷின் கக்க ஆரம்பித்தது. ஒரு பக்கம் வேண்டும் என்று நான் சொல்வதற்குள் இதழ் முழுவதும், தாளுக்கு ஒரு பக்கமாக, மறுபுறம் வெறுமையாக, வந்துகொண்டே இருந்தது. தங்கள் முதல் பக்கத்தில் 'காகிதம் காப்போம்' என்று முழுப் பக்கமும் பச்சையாக அடித்திருந்தீர்களே, அதிலேயே மை பாதி தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு வந்த காடுகள் எல்லாம் ரோஸ் நிறம். "நிறுத்தும்மா நிறுத்தும்மா" என்று நான் கத்த, "நிறுத்தினா ஜாம் ஆயிடும் தாத்தா" என்று அவள் சொல்ல, வரிசையில் நின்றவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். தாங்கள் அச்சகத்தில் போட்டிருந்தால் என் கைக்கு மெல்லிசாக ஒரு இதழ் வந்திருக்கும். காகிதமில்லா இதழ் ஒரு தலையணை உயரத்துக்கு வந்தது. அதைப் போட்டுக் கொடுக்க ஒரு பிளாஸ்டிக் பையும் கொடுத்தார்கள்.

நமக்கு வேண்டியது ராணியம்மாள் எழுதிய பக்கம். அதை மட்டும் சொந்தக்காரர்களுக்காகப் பிரதி எடுக்கச் சொன்னேன். அந்தப் பெண் எடுத்துக்கொண்டே படித்தாள். படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "இவங்க உங்க வூட்டம்மாவா?" என்றாள். "ஆமாம்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி. வாயைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டு உள்ளே ஓடினாள். எழுத்துக்கு அப்படி ஒரு சக்தி.

ஊருக்கு வந்ததும் நேரே கண்ணாயிரத்தின் டீக்கடை. எனக்கு அங்கே தினமும் சாயங்காலம் ஒரு டீ, இரண்டு போண்டா. போண்டா மடித்துத் தருகிற தாளை எண்ணெயைத் துடைத்துவிட்டு ஒரு எழுத்து விடாமல் படிப்பது என் பழக்கம். கண்ணாடி இல்லாவிட்டாலும் அதைப் படித்துவிடுவேன், எண்ணெய் பட்டால் எழுத்து பளிச்சென்று தெரியும். தலையில்லாத தொடர்கதை, வாலில்லாத கொலைச் செய்தி என்று எத்தனையோ படித்திருக்கிறேன். காகிதத்தை ஒழித்தால் போண்டாவை எதில் மடிப்பான் என்று தாங்கள் யோசித்தீர்களா? இப்போதே பாதிக் கடைகளில் பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுக்கிறான். பிளாஸ்டிக் கவரில் படிக்க என்ன இருக்கிறது?

கண்ணாயிரத்திடம் ஒரு பிரதியைக் கொடுத்தேன். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருக்கும்போதே படித்தான். சிரித்தான். மறுபடியும் படித்தான். கண்ணில் தண்ணீர் வர, "அண்ணே, ஒவ்வொரு வரியும் சத்தியம்ணே. ஒன்னுகூடப் பொய்யில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். அடுத்த ஆள் வாங்கிப் படித்தார், அவரும் அப்படியே. அன்று டீக்கு என்னிடம் யாரும் காசு வாங்கவில்லை. வாசகர்கள் இப்படி ரசித்து நான் பார்த்ததே இல்லை ஐயா. இதைச் சொல்லும்போது, இதோ, எழுதுகிற ராணியம்மாளின் தோள் குலுங்குகிறது. அழுகிறாள் போலிருக்கிறது. பாவம், எவ்வளவு ஆசை வைத்திருந்தாளோ.

வழியெல்லாம் வீட்டுக்கு வீடு பிரதி கொடுத்துக்கொண்டே வந்து, ராணியம்மாளிடம் விஷயத்தைச் சொன்னேன். அப்படியே ஆடிப்போய்விட்டாள். "வாணாங்க, எதுக்கு ஊர்பூரா குடுத்துக்கினு வரீங்க?" என்று, கையில் மிச்சமிருந்த பிரதிகளைப் பிடுங்கி, வெந்நீர் அடுப்பில் வைத்துவிட்டாள். பிறகு தெருத் தெருவாகப் போய்க் கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கிவந்து அதையும் எரித்தாள். ஏன் என்றால், "கண்ணு பட்டுடும்" என்றாள். எனக்கு விளங்கிவிட்டது. ஜெராக்ஸ் தாளில் வந்தது அவளுக்குத் திருப்தியில்லை. ரோஸ் காட்டுக்கு நடுவே தன் பெயர் இருப்பதை எந்த எழுத்தாளர்தான் பொறுத்துக்கொள்வார்? அவளுக்கு ஒரு கௌரவம் செய்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் கௌரவம் என்றால் என்ன என்று தங்களுக்குத் தெரியாதா? பிளக்ஸ் பேனர். காது குத்தினால் பேனர், கார் வாங்கினால் பேனர். கட்டுரை எழுதினால் கூடாதா? மறுபடியும் கள்ளக்குறிச்சி. பிளக்ஸ் கடை தீனதயாளன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "இன்னா விசேஷம்ணே? காதுகுத்தா, மஞ்சள் நீரா, கண்ணீர் அஞ்சலியா?" என்று கேட்டான். இந்த மூன்றைத் தவிர மனிதனுக்கு வேறொன்றும் நடப்பதில்லை என்பது அவன் கணக்கு. "பத்திரிகையில கட்டுரை" என்றேன். ரொம்ப நேரம் யோசித்தான். அப்படி ஒரு டிசைன் அவனிடம் இல்லை. "நான் பாத்து நீட்டாப் போட்டுடறேன், நீங்க போங்க" என்றான். அவன் நல்லவன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். என் போனிலிருந்த நிலமடலிலிருந்து ராணியம்மாளின் கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்து முக்கால் பேனருக்குப் பெரிதாக்கினான். பின்னால் வெறுமையாக இருக்கிறதே என்று நீல வானமும் மேகமும் வைத்தான். மரியாதைக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. கட்டுரையைக் கீழே பொடி எழுத்தில் போட்டு, அதற்கும் கீழே 'இவண்: கணவர், மகன், மற்றும் உற்றார் உறவினர்' என்று முடித்தான்.

எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்று இருக்கிறது. பேனரில் இருப்பவர் உயிரோடு இருந்தால் கை கூப்பிக்கொண்டிருப்பார். அல்லது போனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பார். சும்மா நேராகப் பார்த்தபடி இருந்தால் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று அர்த்தம். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் உயிரோடு தினம் எனக்குச் சோறு போடுகிற பெண்டாட்டியைப் பார்த்தால் அது ஞாபகத்துக்கு வருமா?

கோட்டை பஸ் நிறுத்தத்தில் அதிகாலையில் பேனரைக் கட்டிவிட்டு நான் சவுக்குத் தோப்புக்குப் போய்விட்டேன். ராணியம்மாளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று சொல்லவில்லை. கல்வராயன்மலையிலிருந்து மரவள்ளி ஏற்றி வந்த ஒரு லாரிக்காரன் அதைப் பார்த்திருக்கிறான். சின்னப்பொண்ணுவின் வீட்டுக்காரர் வெள்ளிமலையில் மளிகைக் கடை வைத்திருக்கிறார், அங்கே வாடிக்கையாக டீத்தூள் வாங்குகிறவன். திரும்பப் போகும்போது, "உங்க கொழுந்தியாவ கோட்டை ரோட்டுல பெருசாக் கட்டியிருக்காங்க. நல்ல மனுஷி, இல்ல?" என்று சொல்லிவிட்டான். போன் போட்டுக் கேட்கலாம் என்றால் அன்றைக்கு மலையில் சிக்னல் இல்லை. தங்கள் காகிதமில்லா இதழ் மலைக்கு எப்படிப் போகிறது என்று எனக்கு அன்றிலிருந்து ஒரு சந்தேகம்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சின்னப்பொண்ணு இறங்கினாள். கையில் கோடிப் புடவை, ஒரு ரோஜா மாலை, கூட ஒப்பாரிக்கு நான்கு பெண்கள். வீடு வரைக்கும் வரப் பொறுமையில்லை. பேனரைப் பார்த்த இடத்திலேயே தலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "எழுத்தக் கையில வச்சிருந்த என் தங்கமே, ஒன்ன ஒரு வார்த்தை மெச்சலியே நானு" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களெல்லாம் நின்று அழுதார்கள். ஊர் பேர் தெரியாத ஒரு மனிதர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பேனரைக் கும்பிட்டார். கண்ணாயிரம் விஷயம் தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அவனுக்கு டீ வியாபாரம் ஜாஸ்தி.

அந்த நேரம் பார்த்துப் பால் கேனோடு சொசைட்டிக்கு வந்துவிட்டாள் ராணியம்மாள். கூட்டத்துக்குப் பின்னால் நின்று தன் படத்தைப் பார்த்திருக்கிறாள், அக்காவின் ஒப்பாரியைக் கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டே நின்றிருக்கிறாள்! ஏன் உடனே சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். "எங்க அக்கா என்னப் பத்தி நல்லதா நாலு வார்த்த சொல்றா. நான் குறுக்கப் போனா நிறுத்திடுவா. முடிக்கட்டும்னு நின்னேன்" என்றாள். ஒப்பாரி முடிந்து மூக்கைச் சிந்தத் திரும்பிய சின்னப்பொண்ணு, பால் கேனோடு நிற்கும் தங்கையைப் பார்த்து மாலையைக் கீழே போட்டுவிட்டாள். அதன்பிறகு அவள் சொன்ன வார்த்தைகளை ராணியம்மாள் எழுத மறுக்கிறாள்.

நான் தோப்பிலிருந்து ஓடி வந்தபோது அக்காள் பேனருக்குக் கிட்டே போய், மூக்கு உரசுகிற மாதிரி நின்று, அடியிலிருந்த பொடி எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தாள். முழுக்கப் படித்தாள். கன்னத்தில் கண்ணீர் காயவில்லை, அதற்குள் சிரிக்கத் தொடங்கினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "தம்பி, உங்களுக்குக் கோயில் கட்டணும் தம்பி. இத நீங்களே காசு குடுத்துக் கட்டுனீங்களா?" என்று தங்கையைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். சாவு வீடு கல்யாண வீடானது. எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அன்று மத்தியானமே ராணியம்மாள் பேனரை அவிழ்த்து எடுத்துவந்து வைக்கோல் போரின் மேல் போர்த்திவிட்டாள். எழுத்து உள்பக்கமாக இருக்க வேண்டும் என்று தானே ஏணியில் ஏறிக் கட்டினாள். அது மக்காது, கிழியாது. நானும் அவளும் போனபிறகும், தங்கள் பேரப்பிள்ளைகள் காலத்திலும், அந்தப் போரின் மேல் அவள் வைக்கோலை நேராகப் பார்த்தபடி இருப்பாள். தாங்கள் ஒரு இதழ் அச்சடிக்காமல் காப்பாற்றிய மரத்துக்கு ஈடாக இந்தப் பூமிக்கு வந்து சேர்ந்தவை: ஒரு பேனர், ஒரு போன், அதன் பெட்டிகள், ஒரு தலையணை காகிதம், வெந்நீர் அடுப்புப் புகை, மலையிலிருந்து பஸ்ஸேறி வந்த ஒப்பாரிக் கோஷ்டி. தங்கள் தொண்டு தொடரட்டும்.

ஐயா, கிண்டலை விட்டுச் சொல்கிறேன். அன்றிலிருந்து ராணியம்மாள் சரியாக இல்லை. சாயங்காலம் நான் டீக்கடைக்குக் கிளம்பினால் பரணையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நிலமடல் பேச்சை எடுத்தாலே முகம் மாறுகிறது. தன் பெயரைத் தாளில் தொட்டுப் பார்க்க முடியவில்லையே என்கிற ஏக்கம் அவளை உள்ளுக்குள் தின்கிறது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. ஆகவே அந்த ஒரு இதழை, எப்போதும்போல் நல்ல காகிதத்தில் அச்சடித்து, எல்லாச் சந்தாதாரர்களுக்கும் கடைகளுக்கும் அனுப்பி வைக்க வேண்டும். மரம் போதாது என்றால் சொல்லுங்கள், ஏரிக்கு மேற்கே நிற்கிறது. நானே வெட்டி லாரியில் ஏற்றிவிடுகிறேன்.

தங்கள் இல்லத்திலும் அலுவலகத்திலும் மின்சாரம் நிற்காமல், பேட்டரி இறங்காமல், எல்லாரும் நீடூழி இருக்க வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
ஆயுள் இன்னும் மீதமிருக்கும் சந்தாதாரர்,
தெய்வசிகாமணி

பின்குறிப்பு: ஆசிரியர் ஐயாவுக்கு, எழுதின ராணியம்மாள் வணக்கம். அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கிறார், வருவதற்குள் இதை எழுதி ஒட்டிவிடணும். மேலே இருப்பதெல்லாம் அவர் சொன்னது. நான் ஒரு எழுத்து மாத்தவில்லை. தோள் குலுங்கின இடத்தில் நான் அழவில்லை, அது மட்டும் அவருக்குத் தெரியாது.

நான் என்ன எழுதினேன் என்று உங்களுக்குத் தெரியும். அது அவரைப் பற்றி. சந்தா கட்டின நாளிலிருந்து ஒரு இதழைக்கூட அவர் பிரிச்சுப் படிச்சதில்லை என்றும், உறையிலிருந்து உருவி அட்டையை மட்டும் பார்த்துவிட்டு மறுபடி உறையோடு பரணில் ஏத்துவார் என்றும், படிக்காத தாளுக்குச் செத்த மரம்தான் வீணாச் செத்த மரம், அதுக்குக் கற்பூரம் காட்டினால் ஆச்சா என்றும், அவர் டீக்கடைக்குப் போனதும் நான் இறக்கிப் படித்துவிட்டு அதே உறையில் போட்டு வைப்பேன் என்றும் எழுதினேன். பரிசு வரும் என்று தெரிந்தால் எழுதியிருக்க மாட்டேன். காகிதத்தில் வராது என்று உங்க சேதி வந்த அன்னிக்குத்தான் எனக்கு உயிரே வந்தது. அந்தத் தேங்காய் அதுக்குத்தான். கண்ணாடி அரிசிப் பானைக்குள்ளே இருக்கிறது, நான்தான் வைத்தேன்.

ஊரே படிச்சிடுச்சு, அவர் ஒருத்தர்தான் பாக்கி. படிச்சா மனசு ஒடைஞ்சிடுவார் ஐயா. எனக்காக இந்த மனுஷன் இவ்ளோ தூரம் அலைஞ்சு நான் பார்த்ததே இல்லை. இத முன்னாடியே செஞ்சிருந்தா அந்தக் கட்டுரைய எழுதியே இருக்க மாட்டேன்.

எனக்கும் நிலமடல் தாளில்தான் வேணும். சாயங்காலத்துல படிக்க ஒன்னுமில்லாம பரணைப் பார்த்துக்கினு உட்கார்ந்திருக்கேன், போன் அவர் சட்டைப் பையிலேயே இருக்கு. அடுத்த மாசத்துலேர்ந்து அச்சடிங்க, கோடி புண்ணியம். அந்த ஒரு இதழ மட்டும் அடிக்காதீங்க. வூட்டுக்கு வந்தா உறையோட பரணுக்குப் போயிடும், அதுக்குப் பயமில்ல. ஆனா வேற யாராவது படிச்சு எடைக்குப் போட்டு, அது சுத்திச் சுத்திக் கண்ணாயிரம் கடைக்கு வந்துடுச்சுன்னா, என்னிக்காச்சும் ஒரு சாயங்காலம் அந்தப் பக்கத்துல போண்டா மடிச்சு இவர் கையில குடுத்துடுவாங்க. போண்டா மடிச்ச தாள மட்டும் இவர் ஒரு எழுத்து விடாமப் படிப்பாருங்க.